மஸ்டாங் 5.0-க்கு சூப்பர்சார்ஜர்: ஆயில் பம்ப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்டு மஸ்டாங் ஜிடியில் வரும் 5.0 லிட்டர் கொயோட் வி8 இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்ட நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அமெரிக்காவிலிருந்தும் கேட்கிறார்கள், துபாயிலிருந்தும் கேட்கிறார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்புவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வேறு இன்ஜின் வைத்திருப்பவர்கள் 15-ஆம் கேள்வியையும் பாருங்கள்.

1. ஆயில் பம்ப் எங்க இருக்கு? அதுல கியர்னு எதைச் சொல்றாங்க?

இன்ஜினின் அடியில் உள்ள தொட்டியான ஆயில் பேனில் கிடக்கும் ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக பேரிங், கேம், டைமிங் செயின் டென்ஷனர் என்று எல்லா இடத்துக்கும் அழுத்தத்தோடு அனுப்புவது பம்ப்பின் வேலை. கொயோட்டில் இருப்பது ஜெரோட்டர் வகை. உள்ளே பல் வைத்த ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஒரு பல் கூடுதலாக உள்ள ஒரு வளையம். இரண்டின் மையமும் ஒன்றல்ல. அதனால் சுற்றும்போது பற்களுக்கு நடுவே உள்ள இடம் விரிந்து ஆயிலை இழுக்கும், பிறகு சுருங்கி வெளியே தள்ளும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 'ஆயில் பம்ப் கியர்' என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உள் கியர் நேராக, பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் 7,000 ஆர்பிஎம் சுற்றினால் பம்ப்பும் 7,000. பழைய ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8-இல் பம்ப்பை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பக்கமிருந்து ஓட்டுவார்கள், அது பாதி வேகத்தில்தான் சுற்றும். பின்னால் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது.

2. சூப்பர்சார்ஜர் போட்டா ஆயில் பம்ப்பையும் மாத்தணுமா? கிட் பெட்டியில அப்படி எதுவும் வரலையே?

வராது. சூப்பர்சார்ஜர் கிட்டில் புளோயர் (காற்றைத் தள்ளும் பகுதி), இன்டர்கூலர், பெல்ட், புல்லி, இன்ஜெக்டர், டியூன் (இன்ஜின் கம்ப்யூட்டருக்கான அமைப்பு) ஆகியவை வரும். மாட்டும்போது இன்ஜினின் முன் கவரைத் திறக்கவே வேண்டியதில்லை. பம்ப் அந்தக் கவருக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் பலருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரிவதில்லை.

எல்லோரும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். யார் மாற்ற வேண்டும் என்பதை 6-ஆம் கேள்வியில் சொல்கிறேன். ஆனால் மாற்றுவதாக இருந்தால் எதற்காக மாற்றுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இங்கே தேவைப்படுவது உடையாத பம்ப், அதிக ஆயில் தள்ளும் பம்ப் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாத பொருளை வாங்கியவர்கள் நிறைய.

3. பவர் கூடினா ஆயிலும் கூடுதலா வேணும்தானே? அப்போ ஹை வால்யூம் பம்ப் போடறதுதானே சரி?

பேரிங்குக்கு எவ்வளவு ஆயில் போகும் என்பதை முடிவு செய்வது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஆயிலின் கெட்டித்தன்மை, அழுத்தம் ஆகிய மூன்றும்தான். சூப்பர்சார்ஜர் மாட்டியதால் அந்த இடைவெளி மாறிவிடாது. கம்பெனி இடைவெளியே இருக்கும் இன்ஜினுக்குக் கம்பெனி பம்ப் தள்ளும் அளவு போதும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று பழைய மெக்கானிக்குகள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். 7,000-இல் 70 பிஎஸ்ஐ, ஏறக்குறைய 4.8 பார். சூடான ஆயிலில் அதை ஒட்டி அழுத்தம் நிற்கிறது என்றால் ஆயில் குறைகிறது என்று கவலைப்பட வேண்டாம்.

தேவைக்கு மேல் தள்ளும் பம்ப் என்ன செய்யும்? உபரி ஆயில், அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பி ஓடும். அதைச் சுற்றிவிட இன்ஜின் சக்தி வீணாகும், ஆயிலும் சூடேறும். பம்ப்பைச் சுற்ற அதிக முறுக்கு வேண்டியிருப்பதால் கியருக்கும் சுமை ஏறும். இன்ஜினை முழுக்கப் பிரித்து, பேரிங் இடைவெளியை வேண்டுமென்றே தளர்த்திக் கட்டும் ரேஸ் இன்ஜின் என்றால் கதை வேறு. அங்கே ஹை வால்யூம் பம்ப்புக்கு வேலை இருக்கிறது.

4. ஆயில் போதும்னா அப்புறம் ஏன் கியர் உடையுது?

கிராங்க் ஷாஃப்ட் பார்க்க முரட்டு இரும்பாக இருந்தாலும், ஓடும்போது முறுக்கேறி விடுபட்டுக்கொண்டே இருக்கும். வி8-இல் ஒரு சுற்றுக்கு 4 முறை சிலிண்டர் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் ஈரத்துணியைப் பிழிவது போல கிராங்கைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு விடுகிறது. இந்த முறுக்கு அதிர்வு அதிகமாகத் தெரிவது கிராங்கின் மூக்கில். கியர் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். சராசரியாக 7,000 ஆர்பிஎம் என்று மீட்டர் காட்டும் நேரத்தில் அந்தக் கியர் ஒரே சுற்றுக்குள் பலமுறை வேகம் கூடிக் குறைந்துகொண்டிருக்கிறது.

சூப்பர்சார்ஜர் இதில் இரண்டு வகையில் சேர்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் ஒவ்வொரு முறுக்கும் பெரிதாகிறது. அதோடு புளோயரை ஓட்டும் பெல்ட்டும் அதே மூக்கைப் பக்கவாட்டில் இழுக்கிறது. இந்த இழுப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டாட்ஜ் ஹெல்கேட்டின் 6.2 லிட்டர் இன்ஜினில் புளோயரைச் சுற்றவே சுமார் 80 குதிரைத்திறன் போகிறது. ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரின் மொத்த சக்தி அது. ஏசி கம்ப்ரசரையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்டிப் பழகிய கிராங்க் மூக்கின் மேல் அப்படியொரு சுமை ஏறுகிறது.

ஆனால் கியரைக் கடைசியாக உடைப்பது பெரும்பாலும் ஒரு திடீர் அதிர்ச்சிதான். ரெவ் லிமிட்டரில் (இன்ஜின் வேகத்துக்குக் கம்ப்யூட்டர் வைக்கும் உச்ச வரம்பு) போய் இடிப்பது, கியர் மாற்றும்போது தவறுவது, கிளட்ச்சைப் படாரென்று விடுவது, டயர் தத்தித் தத்திப் பிடிக்கும் வீல் ஹாப். 2015-இல் மஸ்டாங்குக்கு இன்டிபென்டன்ட் ரியர் சஸ்பென்ஷன் (பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) வந்த பிறகு இந்த வீல் ஹாப் பெரிய தலைவலி. அதைத் தாங்கும் பின் சப்ஃபிரேமின் ரப்பர் புஷ்கள் நெகிழ, டயர் தத்தும். ஒவ்வொரு தத்தலும் டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் வழியாக கிராங்கில் வந்து அடிக்கும். ஆயில் பம்ப் கியரைக் காப்பாற்ற நினைக்கிறவர் பின் சப்ஃபிரேம் புஷ்ஷையும் இறுக்க வேண்டும் என்று நான் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் அதுதான் உண்மை.

5. சின்டர், பில்லெட்னு சொல்றாங்களே, ரெண்டும் இரும்புதானே?

கம்பெனி கியர் உலோகத் தூளை அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டுச் செய்தது. இதுதான் சின்டர். மலிவு, அளவு துல்லியமாக வரும், லட்சக்கணக்கில் செய்யலாம். சாதாரண ஓட்டத்துக்கு அது தாராளமாகத் தாங்கும், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துகள்களுக்கு நடுவே நுண்ணிய வெற்றிடம் இருப்பதால் அடி விழும்போது வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும். பில்லெட் என்பது முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து, சூடேற்றிப் பதப்படுத்தியது. அடியைத் தாங்கும், வெடிப்பு அவ்வளவு சீக்கிரம் பரவாது.

உடைந்த கியரைக் கையில் வாங்கிப் பார்த்தால் இது புரியும். உள் கியரின் நடுத் துளை முழு வட்டமாக இருக்காது. கிராங்கோடு சேர்ந்து சுற்றுவதற்காக அதில் தட்டையான பக்கங்கள் இருக்கும். தட்டையும் வட்டமும் சேரும் அந்த மூலைதான் பலவீனமான இடம். வெடிப்பு அங்கே தொடங்கி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள மெல்லிய பகுதி வழியாக வெளியே ஓடியிருக்கும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சர்க்கரைக் கட்டி போலப் பொரபொரவென்று இருக்கும். வளைந்த அடையாளமே இருக்காது. உடையப்போகிறேன் என்று முன்கூட்டி எந்தச் சத்தமும் கொடுக்காமல் போவது அதனால்தான்.

6. என் வண்டி ஆட்டோமேட்டிக், பூஸ்ட் 6 பிஎஸ்ஐதான். ரேஸ் எல்லாம் போறதில்லை. எனக்கும் வேணுமா?

உங்கள் விஷயத்தில் நான் அவசரப்படுத்தமாட்டேன். ஆட்டோமேட்டிக்கில் கம்ப்யூட்டரே கியர் மாற்றுவதால் லிமிட்டரில் இடிப்பது அபூர்வம், கிளட்ச் அதிர்ச்சியும் கிடையாது. குறைந்த பூஸ்ட்டில், அதாவது புளோயர் கூட்டும் காற்றழுத்தம் குறைவாக இருக்கும்போது, கம்பெனி கியரோடு பல வருடம் பிரச்சினையே இல்லாமல் ஓடும் வண்டிகள் இருக்கின்றன.

மேனுவல் கியர்பாக்ஸ், டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டு ரேஸ் பாதை) பிடிப்பு மிக்க டயர், சின்ன புல்லி போட்டு ஏற்றிய பூஸ்ட், கம்பெனி வைத்த ரெட்லைனுக்கு (உச்ச ஆர்பிஎம்) மேல் உயர்த்திய டியூன். இவற்றில் ஏதாவது இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். இத்தனை குதிரைத்திறனுக்கு மேல் உடையும் என்று ஓர் எண்ணைக் கேட்டு எல்லோரும் நச்சரிக்கிறார்கள். அப்படி ஓர் எண் இல்லை. நிதானமாக ஓட்டும் 700 குதிரை வண்டியைவிட, லிமிட்டரில் அடித்துக்கொண்டே இருக்கும் 500 குதிரை வண்டிக்கு ஆபத்து அதிகம்.

7. கியர் மட்டும் வாங்கிப் பழைய பம்ப்லயே போடலாமா, முழு பம்ப்பும் வாங்கணுமா?

இரண்டுமே கிடைக்கும். ஃபோர்டின் பெர்ஃபார்மன்ஸ் பிரிவே பில்லெட் கியர் போட்ட பம்ப் விற்கிறது. மற்ற கடைகள் கியர் ஜோடியைத் தனியாகவும் தருகின்றன. கியர் மட்டும் வாங்கினால் செலவு குறைவு, ஆனால் பழைய பம்ப் உடலில் தேய்மானம் இருக்கக் கூடாது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்த உடலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அதிகம் ஓடிய வண்டி என்றால் முழு பம்ப்தான் என் தேர்வு. விலை வித்தியாசத்தைவிட, அதை மறுபடி கழற்ற வேண்டி வந்தால் ஆகும் கூலி பல மடங்கு.

8. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாத்தச் சொல்றாங்க. காசு பிடுங்கறதுக்கா?

இல்லை, அது நியாயமான பேச்சு. டைமிங் செயினை ஓட்டும் ஸ்ப்ராக்கெட் பம்ப்புக்குப் பக்கத்திலேயே, அதே மூக்கில், அதே அதிர்வில் இருக்கிறது. அதுவும் கம்பெனியில் சின்டர்தான். அதன் பல் உடைந்தால் டைமிங் போய், வால்வும் பிஸ்டனும் மோதும். பம்ப்பை எடுக்க அதை எப்படியும் கழற்றியாக வேண்டும், அதனால் கூடுதல் கூலி இல்லை. பொருளின் விலை மட்டும்தான்.

9. வேலை எவ்வளவு பெரிசு? வீட்டு கராஜ்ல முடியுமா?

முடியும், ஆனால் முதல்முறை இன்ஜினைத் தொடுகிறவருக்கான வேலை இது இல்லை. ரேடியேட்டர் ஃபேன், பெல்ட், புல்லிகள், இரண்டு வால்வு கவர், கிராங்க் டாம்பர் (16-ஐப் பாருங்கள்), முன் கவர், டைமிங் செயின், ஸ்ப்ராக்கெட், அதற்குப் பிறகுதான் பம்ப். உறிஞ்சு குழாய் பம்ப்போடு போல்ட் போட்டு இருப்பதால் ஆயில் பேனையும் இறக்க வேண்டியிருக்கும். கேம் ஷாஃப்ட்டுகளைப் பிடித்து வைக்கும் கருவி இல்லாமல் செயினைக் கழற்றாதீர்கள்.

டாம்பர் போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுகொடுக்கும் வகை. பழையதைத் திரும்பப் போடக் கூடாது, புதிதாக ஒன்று வாங்கி வையுங்கள். முன் கவரைத் திரும்ப மாட்டும்போது, பிளாக்கும் ஹெட்டும் சேரும் இடத்திலும் பேன் சேரும் இடத்திலும் கசிவை அடைக்கும் ஆர்டிவி சிலிக்கான் பசை வைப்பார்கள். அதை அள்ளி அப்பாதீர்கள். உள்பக்கம் பிதுங்கும் சிலிக்கான் பிய்ந்து பேனில் விழும், பிறகு உறிஞ்சு குழாயின் சல்லடையில் போய் அடைக்கும். புது பில்லெட் பம்ப் போட்ட இன்ஜின் ஆயில் இல்லாமல் சாவதற்கு அது ஒன்றே போதும்.

சூப்பர்சார்ஜரை மாட்டும் அதே நேரத்தில் இதையும் செய்துவிடுவது நல்லது. புளோயர் ஏறிய பிறகு முன்பக்கம் கை நுழைய இடமே இருக்காது.

10. கியரை உள்ளே வெச்சதும் மூடிடலாமா? ஏதாவது அளக்கணுமா?

அளக்காமல் மூடாதீர்கள். பில்லெட் கியர் என்றாலும் அது உங்கள் பம்ப் உடலுக்குள் உட்காரும் விதம் உங்களுக்குத்தான் தெரியும். முதலில் கியரின் ஓரங்களை விரலால் தடவி, கடைசலில் மிஞ்சிய பிசிறு இருந்தால் மெல்லிய எண்ணெய்க் கல்லில் தேய்த்து எடுங்கள். பிறகு எல்லாவற்றையும் கழுவி, காற்றடித்து, ஆயில் பூசி உள்ளே வையுங்கள்.

பம்ப் உடலின் முகத்தின் மேல் நேர்விளிம்புக் கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதற்கும் கியருக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான அளவு. இந்த வகை பம்ப்புகளில் இது வழக்கமாக 0.05 முதல் 0.08 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். கியர் செய்தவர் கொடுத்த எண் இதிலிருந்து மாறினால் அவர் எண்ணையே பின்பற்றுங்கள். இடைவெளி கூடினால் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அழுத்தம் குறையும், ஏனென்றால் ஆயில் பக்கவாட்டில் நழுவித் திரும்பிவிடும். குறைந்தால் சூட்டில் கியர் விரிந்து உரசும். பின் தட்டை மூடி போல்ட்டுகளை இறுக்கிய பிறகு கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எந்த இடத்திலும் பிடிக்கக் கூடாது.

11. ரிலீஃப் ஸ்பிரிங்குக்கு அடியில ஷிம் வெச்சா பிரஷர் ஏறுமாமே, அதையும் செஞ்சிடலாமா?

ஏறும். ஆனால் எதற்கு? ரிலீஃப் வால்வு திறக்கும் அழுத்தத்தைத்தான் ஷிம் என்ற மெல்லிய தகடு உயர்த்துகிறது. ஐடிலில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்பதற்கு அது மருந்தே இல்லை, அந்த நேரத்தில் வால்வு மூடியேதான் இருக்கும். மேல் ஆர்பிஎம்மில் 3-ஆம் கேள்வியில் சொன்ன அழுத்தம் கிடைக்கிறது என்றால் அதற்கு மேல் ஏற்றுவது கியருக்கும் ஃபில்டருக்கும் சுமை. தேவையில்லாமல் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

12. சூப்பர்சார்ஜருக்கே இன்ஜின் ஆயில் வேணுமே, அதுக்காகவாவது பெரிய பம்ப் வேண்டாமா?

பெரும்பாலான சூப்பர்சார்ஜருக்கு வேண்டாம். ஈட்டன் டிவிஎஸ் ரோட்டர் உள்ள ரௌஷ் கிட் போன்றவற்றில் புளோயரின் கியருக்குத் தனி ஆயில் உள்ளேயே இருக்கும். புரோசார்ஜரும் அப்படித்தான். வோர்டெக்கின் பழைய வி-1, வி-2 வகைகள் இன்ஜின் ஆயிலை வாங்கிக்கொள்ளும், வி-3 தன் ஆயிலோடு வரும்.

வாங்கிக்கொள்ளும் வகையிலும் மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம்தான் போகும், கம்பெனி பம்ப் அதைத் தாங்கும். அங்கே பார்க்க வேண்டியது திரும்பி வரும் குழாய். அது புவியீர்ப்பில் தானாக இறங்க வேண்டும், பேனில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். குழாய் மடங்கியிருந்தால் புளோயரின் சீல் வழியாக ஆயில் கசிந்து இன்டேக்கில் போகும்.

13. எல்லாம் மாட்டியாச்சு. முதல்முறை ஸ்டார்ட் பண்ணும்போது பயமா இருக்கு.

பயம் நல்லதுதான். உலர்ந்த பம்ப்புக்கு உறிஞ்சும் பலம் இல்லை. மூடும் முன்பே கியர்களுக்கு நடுவே அசெம்பிளி லூப்ரிகன்ட் தாராளமாக வைத்திருக்க வேண்டும். ஃபில்டரில் ஆயிலை ஊற்றி நிரப்பி மாட்டுங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி சாவியைத் திருப்புங்கள். அப்படி மிதித்தால் ஃபோர்டின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை நிறுத்திவைக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். விட்டு விட்டுச் சில முறை சுற்றி, கேஜில் அழுத்தம் தெரிந்த பிறகுதான் ஸ்டார்ட்.

ஸ்டார்ட் ஆகிச் சில நொடிக்குள் அழுத்தம் வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். முதல் சந்தேகம் உறிஞ்சு குழாய் பம்ப்போடு சேரும் இடத்து சீல். அங்கே காற்று இழுத்தால் எவ்வளவு விலையுள்ள பம்ப்பும் ஆயிலைத் தூக்காது.

14. துபாய்ல 45 டிகிரி வெயில். எந்த ஆயில் ஊத்தறது?

மஸ்டாங் ஜிடிக்கு ஃபோர்டு பல வருடம் சொன்னது 5டபிள்யூ-20. அதே குடும்பத்து இன்ஜின் வந்த பாஸ் 302-க்கும், சூப்பர்சார்ஜரோடு கம்பெனியிலிருந்தே வந்த 5.8 லிட்டர் ஜிடி500-க்கும் 5டபிள்யூ-50. ரேஸ் டிராக்கையும் சூட்டையும் நினைத்து ஃபோர்டு எந்தப் பக்கம் போனது என்பது இதிலேயே தெரிகிறது. ஆனாலும் நேராக 50-க்குத் தாவாமல், உங்கள் கிட் செய்தவரும் டியூன் செய்தவரும் சொல்வதைக் கேளுங்கள். கொயோட்டின் கேம் டைமிங்கை மாற்றும் ஃபேசர்கள் ஆயில் அழுத்தத்தை நம்பி வேலை செய்கின்றன. ஆயிலின் கெட்டித்தன்மை மாறினால் அவற்றின் வேகமும் மாறும்.

இன்னொன்று. கெட்டியான ஆயில் குளிர்ந்திருக்கும்போது பம்ப்பைச் சுற்ற அதிக முறுக்கு வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே உறுமவிடுவது கியருக்குச் செய்யும் கெடுதல். ஆயில் சூடேறும்வரை 3,000-ஐத் தாண்டாதீர்கள். வெயில் ஊரில் பெரிய பம்ப்பைவிட நல்ல ஆயில் கூலர்தான் பயன் தரும்.

15. இது கொயோட்டுக்கு மட்டும் உள்ள வியாதியா? என்கிட்ட வேற வண்டி இருக்கு.

கிராங்க் மூக்கில் பம்ப் உள்ள பல இன்ஜின்களில் இது உண்டு. மாஸ்டா மியாட்டாவின் 1.6, 1.8 இன்ஜின்களில் பூஸ்ட்டும் உயர் ஆர்பிஎம்மும் சேர்ந்தால் கியர் உடைவது ஊரறிந்த விஷயம், அதற்கும் பில்லெட் கியர் கிடைக்கிறது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினில் இன்னொரு சிக்கல். ஆரம்பகால ஆர்32 மாடல் கிராங்குகளில் பம்ப்பை ஓட்டும் தட்டைப் பகுதி குறுகலாக இருந்தது, நிசான் பின்னர் அதை அகலப்படுத்தியது. பழைய கிராங்கை வைத்திருப்பவர்கள் மூக்கைக் கடைந்து காலர் ஏற்றிக்கொள்கிறார்கள். அது டர்போ இன்ஜின் என்றாலும் உடைவதற்கான காரணம் ஒன்றுதான்.

ஷெவர்லே எல்எஸ் இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது வேறு. பெரும்பாலான எல்எஸ்ஸில் டாம்பருக்குச் சாவிக்கட்டை (கிராங்கோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) கிடையாது, இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. புளோயர் பெல்ட் இழுத்தால் அது கிராங்கின் மேலேயே நழுவும். அதனால் சூப்பர்சார்ஜர் போடும்போது துளையிட்டு ஓர் இரும்பு ஊசியை அடித்து நிறுத்துவார்கள். உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கும் எல்எஸ்ஸில் அடிக்கடி தொல்லை கொடுப்பது. 13-இல் சொன்ன காற்று இழுக்கும் பிரச்சினை அங்கே இன்னும் பொதுவானது.

16. டாம்பரையும் மாத்தணுமா? லேசான அலுமினியப் புல்லி போட்டா இன்ஜின் துள்ளும்கிறாங்க.

டாம்பர் என்பது வெறும் புல்லி இல்லை. 4-இல் சொன்ன முறுக்கு அதிர்வை ரப்பர் வளையத்தால் விழுங்குவதற்காகவே அது இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ரப்பர் இல்லாத கெட்டிப் புல்லி போட்டால் அந்த அதிர்வு முழுக்கப் பம்ப் கியருக்குப் போகும். சூப்பர்சார்ஜர் வண்டியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஓரளவு பூஸ்ட்டுக்குக் கம்பெனி டாம்பர் நல்ல நிலையில் இருந்தால் போதும். பூஸ்ட்டும் ஆர்பிஎம்மும் உயர்ந்தால் ரேஸ் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரமான எஸ்எஃப்ஐ 18.1 சான்று பெற்ற டாம்பருக்குப் போங்கள். ரப்பர் வெடித்துப் பிதுங்கிய டாம்பரை வைத்துக்கொண்டு பில்லெட் கியரை மட்டும் வாங்குவது பாதி வைத்தியம்.

17. டாஷ்போர்டுல ஆயில் பிரஷர் முள்ளு நடுவுலதான் நிக்குது. அதை நம்பலாமா?

பல வண்டிகளில் அந்த முள்ளுக்குப் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச். குறைந்தபட்ச அழுத்தத்தைத் தாண்டியதும் முள் நடுவுக்கு வந்து நின்றுவிடும். அப்புறம் 20 பிஎஸ்ஐயும் 70 பிஎஸ்ஐயும் அதற்கு ஒன்றுதான். சூப்பர்சார்ஜர் போட்ட வண்டிக்கு உண்மையான சென்சாரோடு தனி கேஜ் ஒன்று அவசியம். சூடான ஐடிலில் எவ்வளவு, 3,000-இல் எவ்வளவு, ரெட்லைனில் எவ்வளவு என்று பம்ப் மாற்றிய வாரத்திலேயே எழுதி வையுங்கள். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் இல்லாவிட்டால் கேஜ் இருந்தும் பயனில்லை.

18. இதெல்லாம் செஞ்சா வாரண்டி போயிடுமே?

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வேறு கம்பெனி பொருள் போட்டதாலேயே முழு வாரண்டியையும் ரத்து செய்துவிட முடியாது. அந்தப் பொருளால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். ஆனால் சூப்பர்சார்ஜர் போட்ட இன்ஜினில் பேரிங் போனால் அதைக் காட்டுவது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. ரௌஷ் போன்றவர்களின் சில கிட்டுகளுக்கு 3 வருடம் அல்லது 36,000 மைல் வரை தனி வாரண்டி உண்டு. அந்த வாரண்டியில் இருப்பவர் இன்ஜினைத் திறந்து கியர் மாற்றும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

19. சென்னையில என் நண்பர்கிட்ட 2016 மஸ்டாங் இருக்கு. அங்க இதைச் செய்யலாமா?

ஃபோர்டு இந்தியாவில் 2016-இல் 5.0 லிட்டர் மஸ்டாங்கை இறக்குமதி செய்து விற்றது, ஆக இன்ஜின் இதேதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரத்திலிருந்து வண்டி மாறும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சூப்பர்சார்ஜர் அந்தச் சட்டம் அனுமதிக்கும் மாற்றம் இல்லை. காப்பீட்டுக் கம்பெனியும் விபத்து நேரத்தில் இதைப் பிடித்துக்கொள்ளும். பொதுச் சாலையில் ஓட்டும் வண்டி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

20. கம்பெனி கியர் உடைஞ்சே போச்சு. பில்லெட் போட்டு ஓட்டிடலாமா?

கூடாது. பம்ப்பிலிருந்து ஆயில் முதலில் ஃபில்டருக்குப் போவதால் துண்டுகள் பெரும்பாலும் அங்கே சிக்கும் என்பது உண்மை. ஆனால் ஃபில்டருக்கு பைபாஸ் வால்வு ஒன்று உண்டு. அடைப்பு வந்தால் அது திறந்து, வடிகட்டாத ஆயிலை நேராக உள்ளே விடும். அதைவிட முக்கியம், கியர் உடைந்த நொடியிலிருந்து இன்ஜின் நின்ற நொடிவரை பேரிங்குகள் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கின்றன. ஐடிலில் உடைந்து உடனே அணைத்தீர்கள் என்றால் தப்பியிருக்கலாம். முழு திராட்டிலில் உடைந்திருந்தால் வாய்ப்பு குறைவு.

ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. எதுவுமே தெரியாவிட்டாலும் பேனை இறக்கி, மெயின் பேரிங் ஒன்றையும் ராட் பேரிங் ஒன்றையும் திறந்து பார்க்காமல் பம்ப்பை மூடாதீர்கள். ஆயில் கூலர் இருந்தால் புதிதாக மாற்றுங்கள், அதன் உள்ளே சிக்கிய தூளை முழுக்கக் கழுவி எடுக்க முடியாது. கிராங்க் மூக்கின் தட்டைப் பகுதியில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தழும்பு இருக்கும் மூக்கில் புதுக் கியர் சரியாக உட்காராது.

21. பில்லெட் கியர் போட்டாச்சு. இனி ரெவ் லிமிட்டை 8,000-க்கு ஏத்தலாமா?

கியர் தாங்கும் என்பதால் பம்ப் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. பம்ப்புக்குள் ஆயிலைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான், அதாவது கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ. கியர் வேகமாகச் சுற்றச் சுற்ற, பற்களின் இடைவெளி நிரம்புவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு வேகத்துக்கு மேல் முழுக்க நிரம்பாமல் குமிழிகள் உருவாகும். அதற்குப் பிறகு ஆர்பிஎம் ஏறினாலும் அழுத்தம் ஏறாது, கேஜில் முள் நடுங்கும் அல்லது இறங்கும். அந்த இடம்தான் உங்கள் பம்ப்பின் எல்லை.

2018-இல் ஃபோர்டே கொயோட்டின் ரெட்லைனை 7,500-க்கு உயர்த்தியது. ஜிடி350-இன் 5.2 லிட்டர் இன்ஜின் 8,250 வரை போகிறது. ஆனால் அதன் கிராங்க், வால்வு ஸ்பிரிங், ஆயில் ஓட்டம் எல்லாமே அந்த வேகத்துக்கென்று வடிவமைத்தவை. அதோடு, சூப்பர்சார்ஜர் இருக்கும்போது பவருக்காக அவ்வளவு மேலே போக வேண்டிய அவசியமே இல்லை. புளோயரை வேகமாகச் சுற்ற வேண்டும் என்றால் புல்லி அளவைப் பற்றி டியூனரிடம் பேசுங்கள், லிமிட்டரைக் கம்பெனி வைத்த இடத்திலேயே விடுங்கள்.